கோட்டில் நாங்கள் எங்கே?



சென்ற மாதம் கடன் பத்திரங்களில் கையெழுத்து வைக்க முன்னர் பார்க்க வேண்டிய விடயங்கள் பற்றி எழுதியிருந்தேன். அதன் மிகுதியை அடுத்த இதழில் தருகிறேன். இந்த மாதம் மனதில் கிடப்பது வேறொன்று. அது படங்கள் பற்றியது. சினிமாப் படம் அல்ல. எங்களை எண்ணிக் கணக்கெடுத்துக்கொண்டு போகிறவர்கள் பிறகு தாளில் வரைகிறார்களே, சலாகைகளும் வட்டங்களும் கோடுகளும், அந்தப் படங்கள்.

என்னோடு படித்து இப்போது பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கும் தோழி ஒருத்தி தொலைபேசியில் அழைத்தாள். சமூகவியல் இறுதியாண்டு மாணவர்கள் இருபது பேரளவில் களப்பணிக்காக மன்னாருக்கு வருகிறார்கள், சேகரிக்கும் தகவல்களைப் படமாக்கிக் காட்டுவது எப்படி என்று அவர்களுக்குச் சில வகுப்புகள் எடுக்க முடியுமா என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் நான் வரைந்த வாழைக்குலையைப் பார்த்துவிட்டு இது எந்த மிருகத்தின் கை என்று கேட்டவர் எங்கள் சித்திர ரீச்சர். ஆனால் தோழி கேட்டது சித்திரம் அல்ல. தகவல் வடிவமைப்பு என்று இன்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அது தனிப் பாடமாகவே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கோ சாதாரணதரக் கணித பாடத்தில் படித்த வட்ட வரைபும் சலாகை வரைபும்தான். அதற்கு மேல் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் அதுவே நிறம் தீட்டிக் கொடுத்துவிடும்.

நானும் இத்தனை வருட வேலையில் நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கைகளுக்காக எத்தனையோ வட்டங்களையும் சலாகைகளையும் வரைந்திருக்கிறேன். அந்த வட்டத்துக்குள் இருந்த பெண்களுக்கு அவற்றில் ஒன்றையாவது காட்டினேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. அந்தக் குற்ற உணர்ச்சியோடுதான் சம்மதித்தேன்.

முதல் வகுப்பை நகரத்தில் ஒரு மண்டபத்தில் வைத்தோம். பிள்ளைகள் பள்ளிமுனைப் பெருக்கமரத்தடியில் படம் எடுத்துவிட்டு, அரை மணித்தியாலம் பிந்தி வந்து, மடிக்கணினிகளைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தார்கள். நான் கரும்பலகையில் ஒரு கழித்தல் கணக்கை மட்டும் எழுதினேன். 429,059 இலிருந்து 282,380 போனால் மிகுதி 146,679.

இது எங்கிருந்து வந்த கணக்கு என்று கேட்டேன். இரண்டு பேருக்குத்தான் தெரிந்திருந்தது. மற்றவர்கள் அந்த நேரம் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள். 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு மன்னாருக்கு வந்தபோது, அன்றைய ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை எழுத்தில் முன்வைத்த கணக்கு இது. முதல் எண், 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்த மக்களின் தொகை. கச்சேரிக் கணக்கு. இரண்டாவது எண், 2009 ஜூலை 10 வரையில் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்கள் என்று ஐ.நா. அலுவலகம் சொன்ன தொகை. மிகுதிப் பேருக்கு என்ன நடந்தது என்று ஆண்டகை கேட்டார். 2021 ஏப்ரலில் அவர் காலமாகிவிட்டார். எண்ணிக்கை எவ்வளவு என்பது பற்றி இன்றும் ஒவ்வொரு தரப்பும் ஒவ்வொரு கணக்குச் சொல்கிறது. அந்த விவாதத்துக்குள் நான் பிள்ளைகளை அழைத்துப் போகவில்லை. இரண்டு எண்களும் வெவ்வேறு கந்தோர்களில், வெவ்வேறு கோப்புகளில் கிடந்தவரையில் அவை வெறும் எண்கள். ஒன்றுக்குக் கீழே மற்றதை வைத்தவுடன் ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் கேள்வி கேட்கும். இதைத்தான் காட்ட நினைத்தேன்.

“மிஸ், இது கணக்கு. படம் எங்க?” என்று ஒரு நெட்டைப் பையன் கேட்டான்.

எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்ற முடிவுதான் படத்தின் முதல் வேலை தம்பி, நிறம் பிறகு வரட்டும் என்றேன். அவனுக்கு அவ்வளவு திருப்தியில்லை. அவன் மடிக்கணினியில் நல்ல நல்ல நிறங்கள் இருந்தன.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். விளக்கேந்திய சீமாட்டி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவருடைய கையிலிருந்த விளக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் வந்தது. அவர் வரைந்த படம் வரவில்லை. கிரிமிய யுத்தத்தில் இறந்த பிரித்தானியச் சிப்பாய்களின் கணக்கை 1858இல் அவர் மாதம் மாதமாக, பூவிதழ் விரிந்ததுபோல ஒரு வட்டத்தைச் சுற்றி வரைந்து வெளியிட்டார். காயத்தால் இறந்தவர்களுக்குச் சிவப்பு. தடுக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களுக்கு நீலம். மற்றக் காரணங்களுக்குக் கறுப்பு. படத்தைத் திறந்தால் கண்ணை அடைப்பது நீலம்தான். சண்டையில் செத்தவர்களைவிட அழுக்காலும் வாந்திபேதியாலும் செத்தவர்கள் பல மடங்கு என்பதை, அட்டவணை வாசிக்கப் பொறுமையில்லாத பெரிய மனிதர்களும் ஒரு பார்வையில் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். லண்டன் புள்ளிவிபரச் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினரும் அவரே.

இதைக் கேட்டதும் பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்த நாளே கிராமத்துக்குப் போனோம். கிராமத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏன் என்பது கொஞ்சம் பொறுத்தால் தெரியும். தீவின் தெற்குக் கரை, காற்றாலைகள் வரிசையாகத் தெரியும் பக்கம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதர் சங்கக் கட்டடத்தில் இருபத்தைந்து பேர்வரை வந்திருந்தார்கள். கருவாடு போடுகிறவர்கள், நண்டு உடைக்கப் போகிறவர்கள், பனையோலைப் பெட்டி பின்னுகிறவர்கள். எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு தாத்தாவும் வந்திருந்தார். தாத்தா என்றால் முஸ்லிம் சகோதரிகள் மத்தியில் அக்கா என்பது உங்களுக்குத் தெரியும். எங்களோடு வந்த மலையகப் பிள்ளை ஒருத்திக்கு அது தெரியாமல் ஒரு வெள்ளைத் தாடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

நெட்டைப் பையன் முதலில் எழும்பினான். மன்னார் மாவட்டத்தின் சனத்தொகை என்று ஒரு கோட்டு வரைபு தயாரித்து வந்திருந்தான். 1981இல் ஒரு லட்சத்து ஆறாயிரம் அளவு. 2012இல் 99 ஆயிரத்துச் சொச்சம். இரண்டு புள்ளிகள், இடையில் நேரான ஒரு நீலக் கோடு. இலேசான சரிவு. மாட்டு வண்டி இறங்கும் பாதைபோல அமைதியான சரிவு.

கொஞ்ச நேரம் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முன்வரிசையில் இருந்த அம்மா ஒருவர் கேட்டார்.

“தம்பி, இந்தக் கோட்டில நாங்கள் எங்க இருக்கிறம்?”

அவன் விளங்காமல் நின்றான்.

“தொண்ணூறில நாங்கள் வள்ளத்தில இராமேஸ்வரம் போயிட்டம். பிறகு மண்டபம் முகாம். ஊரில நாயும் கோழியும்தான். உன்ர கோட்டில தொண்ணூறு எங்க? காட்டு.”

அவன் விரலால் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினான். அந்த இடத்தில் கோடு கிட்டத்தட்ட ஒரு லட்சத்துநாலாயிரம் பேர் ஊரில் நிம்மதியாக இருந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

எருக்கலம்பிட்டித் தாத்தா எழும்பினார். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது அவருக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, ஊருக்கு வந்தும் போயும் கொண்டிருப்பவர். “தம்பி, எங்கள எந்தக் கோட்டில போட்டீங்க? புத்தளக் கணக்கிலயா, மன்னார்க் கணக்கிலயா?” என்று கேட்டார். அதற்கும் அவனிடம் பதில் இருக்கவில்லை. 2012இல் புத்தளத்தில் இருந்தவர்களைப் புத்தளத்தில்தான் எண்ணினார்கள்.

விடத்தல்தீவிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்ட ஒரு அக்கா ஒன்றும் பேசவில்லை. 2008இல் வீட்டை விட்டுக் கிளம்பி, வன்னி முழுக்க நடந்து, முள்ளிவாய்க்காலுக்கும் போய், மெனிக் பாமுக்கு வந்தவர் அவர். கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பையன் மேல் தவறில்லை. 1981க்குப் பிறகு 2012 வரை எங்கள் மாவட்டத்தில் முழுமையான கணக்கெடுப்பு நடக்கவே இல்லை. 1991இல் நாடு முழுவதும் நடக்கவில்லை. 2001இல் நடந்தபோதும் வடக்கு கிழக்கில் முழுதாகச் செய்ய முடியவில்லை. முப்பத்தொரு வருடங்கள் எண்ணப்படாமல் போய்விட்டன. இரண்டு புள்ளி கொடுத்தால் கணினி அவற்றை நேராக இணைத்துவிடும். இடையில் என்ன நடந்தது என்று அது கேட்பதில்லை. கேட்க வேண்டியவர்கள் வரைகிறவர்கள்தான். எண்ணாத வருடங்களை வெற்றிடமாக விட்டு, ‘இங்கே கணக்கெடுப்பு இல்லை’ என்று எழுதுவதுதான் நேர்மை. பையன் அப்படியே மாற்றினான். படத்தின் நடுவில் பெரிய வெள்ளை. ஒரு பக்கத்தில் 1981, மறுபக்கத்தில் 2012, அதற்கப்பால் 2024 கணக்கெடுப்புக்கு ஒரு இடம். முதற்படத்தைவிட அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த அம்மா அதைப் பார்த்து, “இப்ப சரி. அந்த வெள்ளைக்குள்ளதான் நாங்கள் இருந்தம்” என்றார்.

இதற்குப் பிறகு நடந்ததை எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பிள்ளைகளில் ஒருத்தி மிகவும் கெட்டிக்காரி. இரண்டு நாள் கைத்தொலைபேசியோடு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து, கிராமத்தின் வரைபடத்தை வீடு வீடாகச் செய்திருந்தாள். கிணறு, கோயில், வாடி, வள்ளம் இழுக்கும் துறை எல்லாம் சரியான இடத்தில். பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் வீடுகளுக்கு ஒவ்வொரு சிவப்புப் புள்ளி. லண்டனில் 1854இல் வாந்திபேதி பரவியபோது ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர் மரணம் நடந்த வீடுகளைத் தெரு வரைபடத்தில் குறித்து, அவை ஒரு தண்ணீர்ப் பம்பியைச் சுற்றியே கிடந்ததைக் காட்டினார் என்று வகுப்பில் நான்தான் சொல்லியிருந்தேன். அதைக் கேட்டுத்தான் இவள் இப்படிச் செய்திருந்தாள்.

படத்தைச் சுவரில் ஒட்டினாள். எல்லோரும் அவரவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள். பிறகு சத்தம் குறைந்துகொண்டு வந்தது.

“மகள், நல்ல வடிவாக் கீறியிருக்கிறாய். இதை எங்க கொழுவப் போறாய்?” என்று ஒரு அக்கா கேட்டார்.

“இங்க ஒண்டு ஒட்டுவம் அக்கா. பிறகு அறிக்கையிலயும் போடுவம். பிரதேச செயலகத்துக்கும் ஒண்டு குடுப்பம்.”

“அப்ப ஆம்பிளை இல்லாத வீடு எது எதெண்டு இதைப் பார்க்கிற ஆருக்கும் தெரியும், என்ன?”

அவள் பதில் சொல்லவில்லை.

“இரவில வந்து கதவைத் தட்டுறவனுக்கு நீ ரோச் பிடிச்சு வழி காட்டுறாய் மகள்.”

அந்த அக்கா கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். பிள்ளை முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கிவிட்டாள். அவளைக் கட்டிப்பிடித்துத் தேற்றியவரும் அதே அக்காதான்.

இன்னொருவர் பேசினார். தனக்கும் ஒரு சிவப்புப் புள்ளி போட்டிருக்கிறது, பக்கத்தில் குறிப்பு என்ன சொல்கிறது என்று வாசிக்கச் சொன்னார். ‘விதவை மற்றும் கணவரைப் பிரிந்தோர்’ என்று இருந்தது. “நான் விதவை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?” என்றார். அவருடைய கணவர் காணாமல் ஆக்கப்பட்டவர். மரணச் சான்றிதழ் எடுங்கள், காசு கிடைக்கும் என்று எத்தனையோ பேர் சொல்லியும் எடுக்காமல் இருப்பவர். ஆளைக் காணவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் பெறலாம் என்று 2016இல் சட்டம் வந்தபிறகு அதைத்தான் பெற்றுக்கொண்டார். நெற்றியில் இருக்கும் பொட்டை ஒரு கணினி அழித்துவிட்டதுபோல அவர் அந்தப் படத்தைப் பார்த்தார். அந்தச் சிவப்புப் புள்ளிகளுக்குள் யுத்தத்தில் கணவரை இழந்தவர் இருந்தார், கடலில் இழந்தவர் இருந்தார், விட்டுவிட்டுப் போனவனின் மனைவி இருந்தார், நடக்க முடியாத கணவரைப் பராமரிப்பவர் இருந்தார், கல்யாணமே செய்யாமல் தங்கையின் பிள்ளைகளை வளர்க்கும் ஒருவரும் இருந்தார். எல்லோருக்கும் ஒரே சிவப்பு.

நான் சும்மா இருக்க முடியவில்லை. வேலையில் சேர்ந்த முதல் வருடம் நானும் இப்படி ஒரு வரைபடம் செய்தேன் என்று அவர்களிடம் சொன்னேன். வேறு கிராமம். மீள்குடியேற்றக் காலம். வீடு வீடாகக் குறித்து, பெயர்ப் பட்டியலும் இணைத்து, அறிக்கையோடு அனுப்பி, நல்ல வேலை என்று பாராட்டும் வாங்கினேன். அது எத்தனை மேசைகளுக்குப் போனது, எத்தனை பிரதி எடுக்கப்பட்டது, யார் யார் கையில் இருக்கிறது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த நிறுவனம் மூடுப்பட்டுப் பல வருடம். அந்தக் கிராமத்துப் பெண்களிடம் நான் இன்னும் போய்ச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு முன்வரிசை அம்மா, “எங்களட்ட இருந்து எத்தனை பேர் டிமைத் தாளில ஊரைக் கீறுவிச்சுச் சுருட்டிக்கொண்டு போனவை. ஒருத்தராவது திருப்பிக் கொண்டுவந்து காட்டினவையா? இந்தப் பிள்ளை காட்டினபடியாத்தானே பிழை தெரிஞ்சுது” என்றார். அது அவளுக்குச் சொன்ன ஆறுதல். அன்று மாலை அவள் எல்லோருக்கும் முன்னால் கணினியிலிருந்தும் தொலைபேசியிலிருந்தும் அதை அழித்தாள். தாளை அடுப்பு மூட்டக் கொடுத்துவிட்டாள்.

அன்றிரவு தங்கியிருந்த இடத்தில் பிள்ளைகள் சோர்ந்துபோய் இருந்தார்கள். கோடும் பிழை, புள்ளியும் பிழை என்றால் இனி என்ன வரைவது என்று கேட்டார்கள். எனக்கு டு போய்ஸ் ஞாபகம் வந்தார். சமூகவியல் படிக்கப் போன எங்களுக்கு ஐரோப்பியப் பெரியவர்கள் மூன்று நான்கு பேரைத்தான் முதலில் அறிமுகம் செய்தார்கள். இவரைப் பற்றி நான் அறிந்தது பட்டம் பெற்றுப் பல காலத்துக்குப் பிறகு.

டபிள்யூ.ஈ.பி. டு போய்ஸ் அமெரிக்கக் கறுப்பினத்தவர். 1897 முதல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பித்தவர். அடிமைகளாக இருந்தவர்கள் விடுதலையாகி முப்பத்தைந்து வருடமாகிய காலம் அது. 1899இல் அவருடைய குழந்தை மகன் நோயால் இறந்தான். அதே வருடம் அதே மாநிலத்தில் ஒரு கறுப்பினத் தொழிலாளியை வெள்ளையர் கும்பல் சித்திரவதை செய்து எரித்துக் கொன்றது. அறைக்குள் இருந்து அமைதியாக ஆராய்ச்சி மட்டும் செய்துகொண்டிருக்க முடியாது என்று தனக்கு உணர்த்திய சம்பவமாக இதை அவர் பின்னாளில் எழுதினார். அடுத்த வருடம், 1900இல், பாரிஸில் உலகப் பொருட்காட்சி. கறுப்பின மக்களின் வாழ்க்கையைக் காட்டும் ஒரு பகுதிக்கு அவரிடம் வேலை கேட்டார்கள். அவர் தன் மாணவர்களையும் பழைய மாணவர்களையும் கூட்டிக்கொண்டு அறுபதுக்கும் மேற்பட்ட படங்களைக் கையாலேயே வரைந்தார். மையும் நீர்வர்ணமும்தான். கப்பலுக்குக் காசு போதாமல் அடித்தட்டில் பயணம் செய்து கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்தக் காட்சிக்காக அவருக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. படங்கள் இன்று அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கின்றன. இன்ரர்நெற்றில் யாரும் பார்க்கலாம்.

அவற்றில் ஒன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். 1790 முதல் 1870 வரை அமெரிக்கக் கறுப்பின மக்களில் சுதந்திரமாக இருந்தவர்கள் எவ்வளவு, அடிமைகள் எவ்வளவு என்ற படம். தாள் முழுக்கக் கறுப்பு. மேலே ஒடுங்கிய ஒரு பச்சைப் பட்டை. எழுபது வருடம் அந்தப் பட்டை ஒடுங்கியே இருந்தது. பிறகு ஒரே விழுக்காடாகக் கறுப்பு விழுந்து எல்லாம் பச்சையாகிறது. நெட்டைப் பையன் நீண்ட நேரம் அதைப் பார்த்தான். அதில் சரிவு இல்லை, விழுக்காடுதான் இருக்கிறது என்றான்.

ஆனால் மறுநாள் கிராமத்துக்கு நான் கொண்டுபோனது வேறு படம். நகரத்தில் பெரிதாக நிறப் பிரதி எடுத்து வைத்திருந்தேன். ஜோர்ஜியா மாநிலக் கறுப்பின மக்களுக்குச் சொந்தமாயிருந்த வீட்டுத் தளபாடங்கள், குசினிச் சாமான்களின் பெறுமதி. 1875இல் 21 ஆயிரம் டொலர். 1899இல் 14 லட்சம் டொலருக்கு மேல். அதை நுளம்புச்சுருள்போலச் சுற்றி வரைந்திருக்கிறார்கள். பார்க்க அழகு. உண்மையைச் சொன்னால் வாசிக்கக் கஷ்டம், சுருளின் நீளத்தைக் கண் அளக்க மாட்டாது. அதைவிட ஒரு சாதாரணச் சலாகை வரைபு தெளிவாக இருந்திருக்கும் என்று நானும் பிள்ளைகளும் ஒரே முடிவுக்கு வந்தோம்.

பெண்களுக்குச் சுருள் பற்றிய கவலை இல்லை. “குசினிச் சாமானையும் எண்ணினவையா?” என்பதுதான் அவர்கள் கேட்டது. பிறகு எல்லோரும் ஒரேயடியாகப் பேசத் தொடங்கினார்கள். அம்மா சீதனமாகத் தந்த பித்தளைக் குடம். மண்ணில் புதைத்துவிட்டு வந்து தோண்டிப் பார்த்தால் காணாமற்போன இடியப்ப உரல். மண்டபம் முகாமில் வாங்கி, திரும்பி வரும்போது வள்ளத்தில் கொண்டுவந்த எவர்சில்வர்ச் சட்டி. எருக்கலம்பிட்டித் தாத்தாவின் உம்மா, வெளியேறிய அன்று அடுப்பில் சோற்றுப் பானையை வைத்தபடி வந்தவர். அந்தப் பானையைப் பற்றிப் புத்தளத்தில் மௌத்தாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சுவர்ப்படத்தில் அழுத பிள்ளைதான் இதை முதலில் பிடித்தாள். “அக்கா, வருசத்துக்கு வருசம் உங்கட குசினியில எத்தனை சாமான் இருந்ததெண்டு வைச்சுப் பார்ப்பமா?” என்று கேட்டாள். வீடு எது என்று தெரிய வேண்டியதில்லை. பெயரும் வேண்டாம். சட்டி பானை மட்டும்.

ஒருவர் ஓடிப்போய்ப் புளியங்கொட்டைப் பேணியை எடுத்துவந்தார். பழைய பாய்களை விரித்தோம். மேலே வருடங்கள். எந்த வருடங்கள் என்பதைப் பெண்களே சொன்னார்கள். கல்யாணம் முடித்த வருடம், 1990, இந்தியாவிலிருந்து வந்த வருடம், 2009, வீட்டுத்திட்டம் கிடைத்த வருடம், 2022, இப்போது. கணக்கெடுப்புக் கந்தோர் இந்த வருடங்களைத் தெரிந்தெடுத்திருக்காது. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு கொட்டை என்று வைக்க வைக்க, ஒவ்வொருவரின் வரிசையும் ஏறி, விழுந்து, திரும்ப ஏறியது. சிலருக்கு இரண்டு தரம், சிலருக்கு மூன்று தரம். ஊரில் எல்லோருக்கும் 2022இல் ஒரு சரிவு. மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்த காலத்தில் பித்தளையெல்லாம் விற்றுவிட்டோம் என்றார்கள். இது பிள்ளைகளின் வினாக்கொத்தில் இல்லாத விடயம். எனக்கும் தெரியாது.

அவர்கள் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தபோது நான் அவர்களிடம் கேட்டுக்கொண்ட ஒன்றை உங்களிடமும் கேட்கிறேன். காற்றாலை, கனிய மணல், வீதி, கடன் என்று ஏதாவது ஒன்றுக்காக நிறம் தீட்டிய படத்தோடு யாராவது உங்கள் சங்கத்துக்கு வந்தால், விளங்கவில்லை என்று வெட்கப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். விளங்காத படம் வரைந்தவரின் பிழை. எந்த வருடத்துக் கணக்கு, யார் யாரிடம் கேட்டது, எங்களை எந்த நிறத்தில் போட்டிருக்கிறீர்கள் என்று கேளுங்கள். உங்கள் வீடு குறிக்கப்பட்டிருந்தால் அதை எடுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரு பிரதியைச் சங்கத்தில் விட்டுவிட்டுப் போகச் சொல்லுங்கள். என்னைப்போல ஒருத்தி வந்தாலும் அப்படித்தான்.

பிள்ளைகள் புளியங்கொட்டைகளைப் பெரிய தாள்களில் அதே வரிசையாக ஒட்டினார்கள். பசை காயும்வரை காற்று விடவில்லை, நாலு பக்கமும் கல் வைக்க வேண்டியிருந்தது. பல்கலைக்கழகத்துக்கு அதன் புகைப்படம் போகும். தாள் இங்கேதான் இருக்கும் என்று சங்கத் தலைவி சொல்லிவிட்டார். புகைப்படத்துக்குப் புள்ளி போடுவார்களா என்று பையனுக்குக் கவலை. என் தோழி போடுவாள் என்று நினைக்கிறேன்.

கடைசியாக இருந்தவர் விடத்தல்தீவு அக்கா. 2008க்கு அவர் பதினொரு கொட்டை வைத்தார். உழவு இயந்திரத்தில் ஏற்றிய பாத்திரங்கள். ஒவ்வொரு இடம்பெயர்வுக்கும் ஒவ்வொன்றாய் எங்கே விட்டேன் என்று இடத்தின் பெயரோடு சொன்னார். 2009க்கு வந்ததும் கை நின்றுவிட்டது. கடைசியில் அவரிடம் மிஞ்சியது பால்பேணியில் செய்த சுண்டு ஒன்று. அதனால் அரிசி அளந்தார், தண்ணீர் குடித்தார், பிள்ளைக்குக் கஞ்சி கொடுத்தார். சுண்டு பாத்திரமா இல்லையா என்று அவருக்குச் சந்தேகம். இல்லை என்றார் ஒருவர். கஞ்சி வைத்தால் பாத்திரம்தானே என்றார் இன்னொருவர். முன்வரிசை அம்மா மடியிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து, ஒரு புளியங்கொட்டையை நடுவில் வெட்டி, பாதியை அவருடைய உள்ளங்கையில் வைத்தார். அக்கா அதை 2009க்குக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி இருந்து பார்த்தார்.

“மிஸ், அரைக் கொட்டை எண்டா என்னெண்டு கீழ விளக்கம் எழுத வேணுமா?” என்று பையன் என்னிடம் மெதுவாகக் கேட்டான். அவரிடமே கேள் என்றேன்.

அக்கா யோசித்துவிட்டு, “சுண்டு எண்டு மட்டும் எழுது தம்பி” என்றார்.